கழித்தல் கணக்கைத் தலைகீழாகப் போடும் பிள்ளைகள்: செயலாராய்ச்சி செய்யலாம் என்றிருக்கிறேன், வழி சொல்லுங்கள்

கரிசல்டீச்சர் (ஜூலை 12, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக வேலை செய்கிறேன். பணிக்கு வந்து 11 வருடம் ஆகிறது. இந்த ஆண்டு நான்காம் வகுப்பு, 23 பிள்ளைகள்.

போன வாரம் குறுவள மையக் கூட்டத்தில் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுவது) செயலாராய்ச்சி பற்றி, அதாவது ஆசிரியரே தன் வகுப்புச் சிக்கலை எடுத்து ஆராய்வது பற்றிப் பேசினார்கள். விருப்பமுள்ளவர்கள் ஒரு தலைப்பு எடுத்துச் செய்து டயட்டில் (மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்) அறிக்கை கொடுக்கலாம் என்றார்கள். நான் கை தூக்கிவிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கே ஒரு கணக்கு ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் வகுப்பில் பாதிக்கு மேல் 35 என்று எழுதுகிறார்கள். ஒன்றாம் இடத்தில் 2 மேலே, 7 கீழே. அவர்கள் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டுவிடுகிறார்கள். கடன் வாங்கிக் கழிப்பதை மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தாயிற்று. நானும் ஜூனிலிருந்து மூன்று முறை மறுபடி நடத்திவிட்டேன். அன்றைக்குச் சரியாகப் போடுகிறார்கள், அடுத்த வாரம் பழையபடி 35.

தோழி ஒருத்தி மாதிரிக்கு ஓர் அறிக்கை அனுப்பினாள். 60 பக்கம். முதல் 20 பக்கம் ஆராய்ச்சி என்றால் என்ன, கருதுகோள் என்றால் என்ன என்பதற்கான விளக்கம். கடைசியில் முன்தேர்வு, பின்தேர்வு, ஒரு பட்டை வரைபடம். பிள்ளைகள் செய்த தவறு என்ன, ஏன் செய்தார்கள் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. படித்துவிட்டு எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. செய்தவர்கள் சொல்லுங்களேன்.

சுண்ணக்கட்டி (ஜூலை 12, இரவு 10.15)

டீச்சர், உங்கள் ஆர்வத்தைக் கெடுக்கச் சொல்லவில்லை. நான் நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். காலையில் எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவேடு) வருகைப் பதிவு, அப்புறம் ஏதாவது ஒரு பட்டியல், ஏதாவது ஒரு கணக்கெடுப்பு. இதில் ஆராய்ச்சிக்கு நேரம் எங்கே இருக்கிறது?

ஆறு வருடத்துக்கு முன் நானும் ஒன்று செய்தேன். நான் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினேன். "முன்னேற்றம் இல்லையென்றால் இது ஆராய்ச்சியே இல்லை, பின்தேர்வு மதிப்பெண்ணைச் சரிபார்த்துக் கொண்டுவாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அத்தோடு விட்டுவிட்டேன்.

பழைய விரிவுரையாளர் (ஜூலை 13, காலை 6.30)

டயட்டில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுண்ணக்கட்டி சார் சொன்னதைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. இப்படித் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு, நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு டயட்டுகளைத் தொடங்கியபோது, ஆசிரியர்களோடு சேர்ந்து வகுப்பறைச் சிக்கல்களை ஆராய்வதும் அவற்றின் வேலைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. நாளடைவில் அது அறிக்கை வாங்கி அடுக்கும் வேலையாகச் சுருங்கிவிட்டது.

செயலாராய்ச்சி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் போய்விடும். கர்ட் லெவின் என்ற உளவியலாளர் ஜெர்மனியிலிருந்து 1933இல் அமெரிக்கா போனவர். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அங்கே இறைச்சித் தட்டுப்பாடு. ஈரல், இதயம், சிறுநீரகம் போன்றவற்றை வீட்டில் சமைக்கச் சொல்லிப் பெண்களிடம் பேச வேண்டியிருந்தது. சில குழுக்களுக்கு நன்றாகத் தயாரித்த உரை. சில குழுக்களில் பெண்களே தங்களுக்குள் பேசி, என்ன தடை, என்ன செய்யலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிறகு விசாரித்தபோது உரை கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் சமைத்திருந்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். 1946இல் அவர் எழுதிய கட்டுரையில்தான் செயலாராய்ச்சி என்ற சொல்லுக்கு வடிவம் கிடைத்தது. திட்டமிடு, செய், என்ன ஆயிற்று என்று பார், அதை வைத்து மறுபடி திட்டமிடு. இவ்வளவுதான்.

நம் பயிற்சிக் கூட்டங்கள் ஏன் வகுப்பறைக்குள் போய்ச் சேருவதில்லை என்பதற்கும் அந்த 3க்கும் 32க்கும் தொடர்பு இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

டீச்சர், உங்களுக்கு ஒரே ஒரு யோசனை. தீர்வைத் தேடாதீர்கள். முதல் இரண்டு வாரம் புதிதாக எதையும் செய்ய வேண்டாம். நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு யார் எந்த வகைத் தவறு செய்கிறார்கள் என்று மட்டும் பிரியுங்கள். 23 பேருக்கு அதிகம் போனால் மூன்று நான்கு வகைதான் வரும்.

மட்டுநகர் ஆசிரியை (ஜூலை 13, பிற்பகல் 1.05)

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இதைச் செயல்நிலை ஆய்வு என்போம். பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்யும்போது எனக்கும் ஒன்று செய்யக் கிடைத்தது, தரம் 3 பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றியது.

ஐயா சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். கொப்பியைப் பார்த்தால் பிள்ளை என்ன எழுதியது என்று தெரியும், என்ன நினைத்தது என்று தெரியாது. ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் இருத்தி, கணக்கைச் செய்துகொண்டே சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கோ. இடையில் திருத்த வேண்டாம். "பிழை" என்று முகத்தில்கூடக் காட்டக் கூடாது. எனக்கு இதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. ஆசிரியைக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் போதும். இடைவேளை நேரத்தில் நாளைக்கு இரண்டு பேர் என்று வைத்தால் இரண்டரைக் கிழமையில் முடிந்துவிடும்.

பிள்ளை சொல்வதை அதன் வாயால் வந்தபடியே எழுதி வையுங்கோ. நாங்கள் நல்ல தமிழில் மாற்றி எழுதும்போதே பாதி விஷயம் போய்விடும்.

கரிசல்டீச்சர் (ஆகஸ்ட் 4, இரவு 8.50)

மன்னிக்கவும், மூன்று வாரமாகப் பதில் எழுத முடியவில்லை. எழுத நிறைய இருக்கிறது.

ஐயா சொன்னபடி பத்துக் கணக்கு கொடுத்து நோட்டைப் பிரித்தேன். 23 பேரில் 3 பேர் எல்லாம் சரி. 2 பேருக்கு இலக்கங்களை நேருக்கு நேர் எழுத வரவில்லை. 4 பேர் கடன் வாங்கத் தெரிந்தவர்கள், விரல் விட்டு எண்ணும்போது தவறுகிறார்கள். மீதி 14 பேர் தலைகீழாகப் போடுகிறவர்கள். இத்தனை வருடமாக இந்த 20 பேரையும் சேர்த்துக் "கழித்தல் வராதவர்கள்" என்று ஒரே கூடையில் போட்டு, எல்லோருக்கும் ஒரே பாடத்தைத் திரும்ப நடத்தியிருக்கிறேன். இதுவே எனக்குப் பெரிய அடி.

அப்புறம் அக்கா சொன்னபடி ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்டேன். தலைகீழாகப் போடும் ஒரு பெண் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ரெண்டுல இருந்து ஏழு போகாது மிஸ். நீங்கதான சொன்னீங்க, சின்ன நம்பர்ல இருந்து பெரிய நம்பர் போகாதுன்னு. அதான் ஏழுல இருந்து ரெண்டை எடுத்தேன். அது போகும்."

கை அப்படியே நின்றுவிட்டது. "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாது" என்பது என் வாக்கியம். கரும்பலகை முன்னால் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லித்தான் கடன் வாங்குவதை ஆரம்பிப்பேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரும் அதைத்தான் சொன்னார். அந்த வாக்கியத்தை 14 பேரில் 9 பேர் கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல் சொன்னார்கள். நான் சொன்னதைக் கேட்காமல் அவர்கள் தவறு செய்யவில்லை. கேட்டதால்தான் செய்தார்கள். மூன்று முறை திரும்ப நடத்தினேன் என்று எழுதியிருந்தேனே, மூன்று முறையும் அந்தத் தவறுக்கு நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

இன்னொரு பையன் கேட்டான்: "கடன் வாங்குறோமே மிஸ், எப்ப திருப்பிக் குடுக்கணும்?" அவன் அம்மா மகளிர் குழுவில் வாரா வாரம் தவணை கட்டுகிறவர். கடன் என்றால் அவனுக்கு நன்றாகவே தெரியும். அந்த 1 திரும்பிப் போகவே இல்லை என்பது அவனுக்கு நியாயமாகப் படவில்லை.

எல்லாம் சரியாகப் போட்ட 3 பேரையும் ஒரு ஆர்வத்தில் கேட்டுப் பார்த்தேன். 5ஐ அடித்து 4 ஆக்கி, 2க்குப் பக்கத்தில் போட்ட அந்த 1 எவ்வளவு என்றேன். இரண்டு பேர் "ஒண்ணு" என்றார்கள். ஒரே ஒரு பிள்ளைதான் "பத்து" என்றது. நூற்றுக்கு நூறு வாங்குகிறவர்களுக்கும் விளங்கவில்லை, வழி மட்டும் தெரிந்திருக்கிறது.

இனி அந்த வாக்கியத்தை வகுப்பில் சொல்வதில்லை என்று எழுதி மேசையில் ஒட்டிவிட்டேன். பிள்ளைகளை ஈர்க்குச்சி கொண்டுவரச் சொல்லி, பத்துப் பத்தாகக் கட்டுக் கட்டியிருக்கிறோம். 52 என்றால் 5 கட்டு, 2 குச்சி. 27ஐ எடு என்றால் அவர்களே ஒரு கட்டைப் பிரிக்கிறார்கள். "கடன் வாங்கு" என்று சொல்வதில்லை, "கட்டைப் பிரி" என்கிறேன். பிரித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று அந்தப் பையன் ஒத்துக்கொண்டான்.

மூன்றாம்மணி (ஆகஸ்ட் 4, இரவு 10.30)

பி.எட். படிக்கிறேன் மேடம். படிக்கும்போதே எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்களுக்கும் செயலாராய்ச்சி உண்டு. ஒரு சந்தேகம்: முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் டி-சோதனை (இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். 23 பேருக்குப் போட்டால் செல்லுமா?

பழைய விரிவுரையாளர் (ஆகஸ்ட் 5, காலை 6.10)

கணக்கு போடுவதற்கு 23 பேர் தாராளமாகப் போதும் தம்பி. ஆனால் அது எதைச் சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். ஆறு வாரம் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு எப்படியும் கொஞ்சம் கூடத் தெரிந்திருக்கும். அந்த உயர்வு ஈர்க்குச்சியால் வந்ததா, வயதால் வந்ததா, அக்கா வீட்டில் சொல்லிக்கொடுத்ததால் வந்ததா என்று டி-சோதனைக்குத் தெரியாது. அதைவிட மோசமானது, ஒரு தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி மறுபடி தேர்வு வைப்பது. நாம் எதுவுமே செய்யாவிட்டாலும் அவர்களின் சராசரி பெரும்பாலும் ஏறும். அன்றைக்குக் காய்ச்சலோடு எழுதியவன், தூங்கி விழுந்தவன் எல்லாம் அந்தக் கடைசிக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் அல்லவா? "மெல்லக் கற்போர்" என்று தலைப்பு வைத்த நூற்றுக்கணக்கான அறிக்கைகளில் வந்த முன்னேற்றத்தில் ஒரு பகுதி இதுதான் என்பது என் கருத்து.

பத்தாயிரம் பிள்ளைகளுக்கு எது பலிக்கும் என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டும், குலுக்கிப் போட்டுப் பிரிக்க வேண்டும். டீச்சர் இங்கே கண்டுபிடித்தது, இந்த வகுப்பில், இந்த 14 பேருக்கு, என் எந்தச் சொல் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை. இதை வெளியிலிருந்து யாரும் வந்து கண்டுபிடிக்க முடியாது. இங்கிலாந்தில் 1970களில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் ஆசிரியரே ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும் என்று வாதாடியதும் இதற்காகத்தான்.

நெல்லை கணக்கு (ஆகஸ்ட் 5, மாலை 5.45)

மேல்நிலைப் பள்ளியில் 9, 10ஆம் வகுப்புக் கணக்கு எடுக்கிறேன். டீச்சர் கண்டுபிடித்தது அருமை. ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். குச்சியும் கட்டும் எத்தனை நாளைக்கு? என்னிடம் வரும்போது பிள்ளை 1000இலிருந்து 387ஐ எழுதாமலே கழிக்க வேண்டும். அங்கே வந்து கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தால் இயற்கணிதம் எப்போது நடத்துவது? வழிமுறை கையில் பழகித்தான் ஆக வேண்டும். "கடன் வாங்குதல்" என்ற சொல்லிலும் எனக்குக் குறை தெரியவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் படித்தோம்.

சுண்ணக்கட்டி (ஆகஸ்ட் 5, இரவு 9.20)

நெல்லை சார், நாம் படித்தோம், சரி. நம்மோடு படித்து எட்டாவதில் நின்றுபோனவர்களும் அப்படித்தானே படித்தார்கள்.

டீச்சர் எழுதியதைப் படித்த மறுநாள் என் ஏழாம் வகுப்பில் ஒரு பையனைக் கூப்பிட்டேன். நோட்டில் கழித்தல் வராதவன். சாயங்காலம் அப்பாவின் பெட்டிக்கடையில் நிற்பான். "27 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு 52 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு?" என்றேன். யோசிக்கவே இல்லை. "27க்கு மேல 3 போட்டா 30, அதுக்கு மேல 20 போட்டா 50, மேல 2. இருபத்தஞ்சு சார்." அதே கணக்கைப் பலகையில் எழுதிக் கொடுத்தேன். 35 என்று எழுதினான். இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஏழு வருடம் பள்ளிக்கு வந்திருக்கிறான்.

மட்டுநகர் ஆசிரியை (ஆகஸ்ட் 6, காலை 7.00)

சுண்ணக்கட்டி சேர், பிரேசிலில் ரெசிஃபே நகரத்தில் சந்தையில் வியாபாரம் செய்யும் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 1985இல் வெளிவந்தது. ஐந்தே ஐந்து பிள்ளைகள். சந்தையில் சாமான் வாங்குவதுபோலக் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே எண்களை வசனக் கணக்காகக் கொடுத்தபோது 74. வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37. உங்கள் மாணவன் அந்த ஐந்து பேரோடு ஆறாவதாக நிற்கிறான்.

நெல்லை சேர் சொல்வதும் நியாயம். குச்சியிலேயே நிற்கக் கூடாது. ஆனால் பிள்ளை கட்டைப் பிரிக்கும்போதே பக்கத்தில் அதை எண்ணால் எழுத வைக்க வேண்டும், கையும் தாளும் ஒன்றாகப் போக வேண்டும். இரண்டையும் தனித்தனி நாளில் செய்தால் பிள்ளைக்கு அவை இரண்டு வெவ்வேறு பாடம்.

கரிசல்டீச்சர் (செப்டம்பர் 8, மாலை 6.30)

காலாண்டுத் தேர்வு வரப்போகிறது, அதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

அக்கா சொன்னதைக் கேட்டு, குச்சியைத் தொட்ட கையோடு எழுத வைத்தேன். ஐந்து வாரம் ஆயிற்று. தலைகீழாகப் போட்ட 14 பேரில் 9 பேர் இப்போது போடுவதில்லை. திடீரென்று ஒருநாள் கணக்கு கொடுத்தும், வேறு பாடத்துக்கு நடுவில் கேட்டும் பார்த்துவிட்டேன். 3 பேருக்கு நடுவில் பூஜ்ஜியம் வந்தால் மட்டும் தடுமாற்றம். 403இலிருந்து 168 என்றால் "பத்துக்கட்டே இல்லையே மிஸ்" என்று நிற்கிறார்கள். நிற்பதே எனக்குச் சந்தோஷம்தான், முன்பென்றால் யோசிக்காமல் 365 என்று எழுதியிருப்பார்கள். பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டிய நூறுக் கட்டு ஒன்று செய்ய வேண்டும்.

மீதி 2 பேருக்கு எதுவும் மாறவில்லை. ஒருவன் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டு வந்தவன், அந்த ஐந்து வாரத்தில் 11 நாள்தான் வந்தான். இன்னொரு பிள்ளை தினமும் வந்தாள், குச்சியில் சரியாகச் செய்கிறாள், தாளில் மட்டும் 35. ஏன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எண்ணும் எழுத்தும் (அடிப்படை வாசிப்பு, கணக்குக்கான அரசுத் திட்டம்) வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததில் அவள் நடுவிலுள்ள மொட்டு நிலையில் இருந்தவள். அந்தப் பெயரால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

அறிக்கை எழுதிவிட்டேன். 14 பக்கம். பிள்ளைகள் சொன்னது அவர்கள் வாய்மொழியிலேயே இருக்கிறது, பெயர்களை மாற்றிவிட்டேன். குழுவில் போடப் படம் எடுக்கச் சொன்னார்கள், தவறாகச் செய்கிற பிள்ளையின் முகத்தோடு படம் போட எனக்கு மனம் வரவில்லை. ஈர்க்குச்சிக் கட்டுகளை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். என் வாக்கியம்தான் தவறுக்குக் காரணம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். தலைமையாசிரியர் படித்துவிட்டு, "இதை எதற்கம்மா எழுதுகிறாய், உன்மேல் அல்லவா வரும்?" என்றார். அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அதை எடுத்துவிட்டால் அறிக்கையில் வேறு ஒன்றும் இல்லை. மாறாத 2 பேரைப் பற்றியும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். திருப்பிக் கொடுத்தால் கொடுக்கட்டும், எண்ணை மாற்ற மாட்டேன்.

பக்கத்து வகுப்பு டீச்சர் இரண்டு நாள் என் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். அவரிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: நான் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொன்னால் குறித்து வையுங்கள் என்று. இரண்டு நாளில் நான்கு தடவை சொல்லியிருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை.

சுண்ணக்கட்டி (செப்டம்பர் 10, இரவு 9.55)

டீச்சர், உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு நேற்று போனில் ஒலிப்பதிவைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏழாம் வகுப்பு எடுத்தேன். ராத்திரி உட்கார்ந்து கேட்டேன். 40 நிமிடத்தில் 22 கேள்வி கேட்டிருக்கிறேன். 17 கேள்விக்குப் பதில் சொன்னது அதே நான்கு பேர். ஐந்து கேள்விக்கு நானே பதில் சொல்லிவிட்டேன். பெட்டிக்கடைப் பையன் குரல் ஒரு இடத்தில்கூட இல்லை.

பழைய விரிவுரையாளர் (செப்டம்பர் 11, காலை 6.05)

சார், கேள்விக்கும் அடுத்து நீங்கள் வாய் திறப்பதற்கும் நடுவில் எத்தனை நொடி என்று அதே பதிவில் அளந்து பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு அளந்தபோது சராசரியாக ஒரு நொடிதான் வந்தது. அதை மூன்று நொடிக்கு நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். உங்கள் வகுப்பில் என்ன ஆகும் என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சுண்ணக்கட்டி (செப்டம்பர் 11, இரவு 8.40)

அளந்தேன் ஐயா. பெரும்பாலான இடத்தில் ஒரு நொடிகூட இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணப் போகிறேன். வேறு எதையும் மாற்றப் போவதில்லை. பத்து நாளைக்கு ஒருமுறை பதிவு எடுத்து, எத்தனை வெவ்வேறு பிள்ளைகள் பேசினார்கள் என்று இங்கே எழுதுகிறேன். டீச்சர், அந்தத் தாளில் 35 எழுதும் பிள்ளையைப் பற்றி ஏதாவது தெரிந்தால் நீங்களும் எழுதுங்கள்.